கடிதங்கள் உறையும் இடம்: இயங்குதளம் மாறியபின் மின்னஞ்சல் தொகுப்பைக் கண்டடைதல்



இத்தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் மொழிபெயர்ப்பையும் பொருளாகக் கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது கணினிப் பழுதுபார்க்கும் கடையில் பேசவேண்டிய செய்திபோலத் தோன்றலாம். கணினியின் இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவியபின், பழைய மின்னஞ்சல்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை எவ்வாறு மீட்பது என்பதே இன்றைய பொருள். மொழியியல் கற்றவன் இதைப் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தொலைந்துபோவது தமிழ். மற்றொன்று, தொலைந்துபோவதற்குரிய காரணங்களுள் ஒரு சொல்லும் இருக்கிறது. இரண்டையும் முறையாக விளக்க முயல்கிறேன்.

கடிதம் என்னும் சான்று

உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். அவர் 1942ஆம் ஆண்டு மறைந்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அக்கடிதங்கள் தொகுக்கப்பெற்று நூல்வடிவம் பெற்றன. ஏடு தேடியவர்களும் பாடம் ஒப்பிட்டவர்களும் ஒருவருக்கொருவர் என்ன எழுதிக்கொண்டார்கள், எந்த நடையில் எழுதிக்கொண்டார்கள் என்பதை நாம் இன்று அறிவதற்கு அப்பழக்கமே காரணம். அச்சேறிய நூல் முடிவைச் சொல்கிறது. கடிதம் அந்த முடிவுக்கு வந்த வழியைச் சொல்கிறது.

நம் தலைமுறையின் கடிதங்கள் எங்கே இருக்கின்றன? 1990களின் பிற்பகுதியிலிருந்து அவை பெரும்பாலும் மின்னஞ்சல்களாக இருக்கின்றன. தமிழ் இணையத்தின் தொடக்க வரலாறே மின்னஞ்சலில் எழுதப்பட்ட வரலாறு. 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற மாநாடு, 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாடு, 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரிலும் 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் கூடிய மாநாடுகள் ஆகியவற்றின் கட்டுரைகள் அச்சில் கிடைக்கின்றன. மாநாட்டு மேடைக்கு வெளியே நடந்த உரையாடல் மடல்களிலேயே நடந்தது. டிஸ்கி எனப்படும் தமிழ் எழுத்துக் குறிமுறை பல நாடுகளில் இருந்த தமிழர்களின் மின்னஞ்சல் விவாதங்களினூடே உருப்பெற்றது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் நேரில் காணாத தன்னார்வலர்கள் மடல்வழியே பணியைப் பகிர்ந்துகொண்டு பழைய நூல்களை மின்வடிவமாக்கினார்கள்.

பள்ளிக்கூடத்து அளவிலும் இதுவே நிலை. பாடநூல் வரைவுகள், கலைச்சொற்கள் பற்றிய கருத்து வேறுபாடுகள், மாணவர் அனுப்பிய முதல் கட்டுரைகள், ஊரிலிருந்து வந்த உறவினர் மடல்கள் ஆகிய அனைத்தும் தனியார் கணினிகளில் கிடக்கின்றன. அக்கணினிகள் பழையன ஆகிவிட்டன. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றமையால், பல வீடுகளில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் வேலை நடக்கிறது. ஆகவே இது தள்ளிப்போடக்கூடிய பொருளன்று.

ஒரு சொல் செய்யும் தீங்கு

மின்னஞ்சல் செயலிகள் பல உள்ளன. எடுத்துக்காட்டாகத் தண்டர்பேர்டு என்னும் செயலியைக் கொள்வோம். மொசில்லா வழியில் பிறந்த இந்தச் செயலியின் முதற்பதிப்பு 2004ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. கட்டணமில்லாமல் கிடைப்பதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவதும், தன் கோப்புகளைத் திறந்தநிலையில் வைத்திருப்பதும் இதன் சிறப்புகள்.

இச்செயலி ஒருவருடைய கடிதங்கள், முகவரிகள், கணக்கு அமைப்புகள், கடவுச்சொற்கள், வடிகட்டி விதிகள் ஆகிய யாவற்றையும் ஒரே கோப்புறையில் இட்டுவைக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் 'புரொஃபைல்' என்று பெயர். தமிழில் இச்சொல்லைச் 'சுயவிவரம்' என்றோ 'தன்விவரம்' என்றோ பெயர்க்கிறோம். சமூக வலைத்தளத்தில் ஒருவர் தம் பெயர், படம், பிறந்தநாள் முதலியவற்றைத் தரும் பக்கத்திற்கு இப்பெயர் பொருந்தும். அங்கே அது உண்மையாகவே விவரம்தான்.

மின்னஞ்சல் செயலியில் அதே சொல் வேறு பொருளைச் சுட்டுகிறது. இங்கே அது விவரம் அன்று, களஞ்சியம். "சுயவிவரத்தைக் காப்பெடுத்தீர்களா?" என்று கேட்டால், "என் பெயரையும் முகவரியையும் மறுபடி தட்டச்சு செய்துகொள்வேன், அது எதற்கு?" என்றே ஒருவர் விடை சொல்வார். அவ்விடையில் பிழை இல்லை. சொல் அவருக்கு அறிவித்த பொருள் அவ்வளவே. இருபது ஆண்டுக் கடிதங்கள் 'விவரம்' என்ற பெயருக்குள் மறைந்திருக்கின்றன என்பதை அச்சொல் தெரிவிக்கவில்லை.

கலைச்சொல்லாக்கத்தில் நாம் மாணவர்க்குச் சொல்லும் முதல் விதி, மூலச்சொல்லைப் பாராமல் அது சுட்டும் பொருளைப் பார் என்பது. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு துறைகளில் இரண்டு பொருளைச் சுட்டினால், தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும். இவ்வுரையில் நான் இதனைப் 'பயனர் தொகுப்பு' என்று வழங்குகிறேன். இதனினும் நல்ல சொல் உங்களிடம் இருக்கலாம். பொருள் தவறாமல் இருத்தலே முக்கியம்.

செயலி வேறு, தொகுப்பு வேறு

இயங்குதளத்தை மறுபடி நிறுவுவோர் பெரும்பாலும் எண்ணுவது, செயலியை மீண்டும் நிறுவினால் கடிதங்களும் மீண்டும் வரும் என்பது. செயலி ஓர் இடத்தில் இருக்கிறது. பயனர் தொகுப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. செயலியை நீக்கினாலும் தொகுப்பு நீங்குவதில்லை. செயலியைப் புதிதாக நிறுவினாலும் பழைய தொகுப்பு தானாக வந்து சேர்வதில்லை. புதிய இயங்குதளத்தில் முதன்முறை திறக்கப்படும்போது, செயலி தனக்கென வெற்றுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கிக்கொண்டு, "உங்கள் மின்னஞ்சல் முகவரி என்ன?" என்று முன்பின் அறியாதவரைப்போல் கேட்கும். அப்போதுதான் பலர் கலங்குகிறார்கள்.

இந்நிலையில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: கடிதங்கள் எந்த முறையில் பெறப்பட்டன? மின்னஞ்சலைப் பெறுவதற்கு வழக்கத்தில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஐமேப் என்னும் முறையில் கடிதங்களின் மூலம் வழங்கியில், அதாவது அஞ்சல் நிறுவனத்தின் கணினியில், இருக்கிறது. நம் கணினியில் இருப்பது அதன் படி. கணக்கைப் புதிதாக அமைத்தால் வழங்கியில் உள்ள கடிதங்கள் மீண்டும் இறங்கிவரும். பாப் என்னும் முறையில் கடிதங்கள் நம் கணினிக்கு இறக்கப்படுகின்றன. இறக்கியபின் வழங்கியிலிருந்து நீக்கிவிடுமாறு அமைப்பதும் உண்டு. அவ்வாறு அமைந்திருந்தால் உலகில் உள்ள ஒரே படி நம் வன்தட்டில் இருப்பதே. வழங்கிகளில் இடம் குறைவாக இருந்த காலத்தில் பாப் முறையே பெருவழக்கு. ஆகையால் பழைய கடிதங்களே அதிக ஆபத்தில் உள்ளன.

ஐமேப் முறையைப் பயன்படுத்துவோரும் முழு நிம்மதி கொள்ளலாகாது. தண்டர்பேர்டில் 'உள்ளகக் கோப்புறைகள்' என ஒரு பகுதி உண்டு. வழங்கியில் இடம் நிரம்பும்போது பழைய கடிதங்களை அங்கே நகர்த்தி வைப்பது பலருடைய வழக்கம். அங்கே நகர்த்தியவை வழங்கியில் இல்லை.

இருப்பிடத்தின் இலக்கணம்

கோப்பின் முகவரியை ஒரு தொடராகக் கொண்டு பகுத்துப் பார்க்கலாம். விண்டோஸில் அது சி என்னும் வட்டில் தொடங்குகிறது. அதனுள் 'யூசர்ஸ்' என்னும் கோப்புறை, அதனுள் கணினியில் நாம் நுழையும் பயனர் பெயரில் ஒரு கோப்புறை, அதனுள் 'ஆப்டேட்டா', அதனுள் 'ரோமிங்', அதனுள் 'தண்டர்பேர்டு', அதனுள் 'புரொஃபைல்ஸ்'. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினியாயின், தொடக்கம் 'டாக்குமெண்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' என்றும், நடுப்பகுதி 'அப்ளிகேஷன் டேட்டா' என்றும் இருக்கும்.

இத்தொடரில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறோம். முதலாவது, ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'காட்சி' என்னும் பகுதிக்குச் சென்று மறைந்தவற்றைக் காட்டுமாறு குறியிட்டாலன்றி அது கண்ணுக்குப் புலப்படாது. இரண்டாவது, ஆப்டேட்டாவினுள் 'லோக்கல்' என்று இன்னொரு கோப்புறையும் உண்டு; அதனுள்ளும் தண்டர்பேர்டு என்ற பெயர் இருக்கும். அங்கே இருப்பவை தற்காலிகச் சேமிப்புகள். அதனைக் காப்பெடுத்துவிட்டு மனநிறைவு அடைவோர் பலர். கடிதங்கள் ரோமிங்கில் இருக்கின்றன.

புரொஃபைல்ஸ் என்னும் கோப்புறையைத் திறந்தால் விந்தையான பெயர் ஒன்று காணப்படும். முதலில் எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு குறிகள். பின்னர் ஒரு புள்ளி. பின்னர் 'டிஃபால்ட்' அல்லது 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்னும் சொல். நம் இலக்கண மரபில் சொல்வதாயின், புள்ளிக்கு முன்னுள்ளது இடுகுறி, பின்னுள்ளது காரணப்பெயர். முன்னுள்ள எட்டு குறிகளுக்குப் பொருள் இல்லை. யாரும் ஊகித்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கணினி தன்போக்கில் இட்ட பெயர் அது. ஆகவே இரு கணினிகளில் அது ஒன்றாக இராது. புதிய நிறுவலிலும் பழையது திரும்ப வாராது.

மேக் கணினியில் பயனரின் 'லைப்ரரி' கோப்புறையினுள் 'தண்டர்பேர்டு' என்றும், அதனுள் 'புரொஃபைல்ஸ்' என்றும் அமையும். லினக்ஸில் பயனரின் இல்லக் கோப்புறையில், முன்னால் புள்ளியிட்ட 'தண்டர்பேர்டு' என்னும் பெயரில் இருக்கும். முதலில் புள்ளி வைத்த பெயர் லினக்ஸில் மறைந்து நிற்கும். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் செயலி 'ஸ்னாப்' என்னும் பொதியாக வருவதால், இல்லக் கோப்புறையிலுள்ள 'ஸ்னாப்' என்பதனுள் தேடவேண்டும்.

எத்தனையோ பெயர்களை நினைவில் கொள்ள இயலாதவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். தண்டர்பேர்டு ஒவ்வோர் அஞ்சல் கோப்புக்கும் துணையாக 'எம்எஸ்எஃப்' என்னும் பின்னொட்டுக் கொண்ட அட்டவணைக் கோப்பு ஒன்றை ஆக்குகிறது. மறைந்தவற்றைக் காட்டச் செய்தபின், வட்டு முழுவதும் அப்பின்னொட்டைத் தேடினால், அது அகப்படும் இடமே நாம் தேடும் இடம்.

மூன்று நிலைமைகள்

இயங்குதளத்தை மறுபடி நிறுவியபின் பழைய தொகுப்பின் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் நிலை: வட்டை அழிக்காமலேயே நிறுவியிருத்தல். அப்போது விண்டோஸ், பழையதை முழுவதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கும். மேலே சொன்ன முகவரித் தொடர் அப்படியே அதனுள் இருக்கும். ஆனால் இக்கோப்புறை நிலையானதன்று. குறித்த நாள்கள் கழிந்தபின் விண்டோஸ் தானாகவே அதனை நீக்கிவிடும். இடத்தை மிச்சப்படுத்தும் கருவிகளும் அதை நீக்கும். ஆகவே இந்நிலையில் காலம் முக்கியம். மேலும், பழைய கோப்புகளைத் திறக்கும்போது 'அனுமதி இல்லை' என்னும் செய்தி வரலாம். பெயர் ஒன்றாயினும், புதிய இயங்குதளத்தின் பார்வையில் பழைய பயனரும் புதிய பயனரும் வெவ்வேறு ஆள்கள். நிருவாகி உரிமையோடு நுழைந்து, அக்கோப்புறையின் உடைமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டாம் நிலை: பழைய வட்டு வெளியே எடுக்கப்பட்டு, புதிய வட்டில் இயங்குதளம் நிறுவப்பட்டிருத்தல். இது மிக நல்ல நிலை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கணினியை ஒரு கடையில் புதுப்பித்துத் தந்தார்கள். 'டாக்குமெண்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' ஆகிய இரண்டையும் மட்டும் படியெடுத்துத் தந்த கடைக்காரர், மற்றெல்லாம் செயலிகள்தாம் என்று சொல்லிவிட்டார். பாடக் கலைச்சொற்கள் பற்றி அவர் பிற ஆசிரியர்களோடு எழுதிக்கொண்ட மடல்கள் அனைத்தும் போயின என்றே அவர் வீட்டார் எண்ணினர். புதிய திடநிலை வட்டைப் பொருத்தியபோது கழற்றிய பழைய வன்தட்டைக் கடைக்காரர் ஒரு தாளுறையில் இட்டுக் கொடுத்திருந்தார். அது மேசை அறையில் இருந்தது. மலிவான இணைப்புப் பெட்டி ஒன்றில் இட்டுக் கணினியோடு பொருத்தியபோது, ரோமிங்கினுள் தொகுப்பு முழுமையாக இருந்தது. பழைய வட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்பது இதனால் பெறப்படுவது.

மூன்றாம் நிலை: அதே வட்டை அழித்து நிறுவியிருத்தல். இங்கே உறுதி கூற இயலாது. சுழலும் வன்தட்டாயின், அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையை அழித்தலே. உள்ளடக்கம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். ஆகவே உடனே கணினியை நிறுத்தி, வட்டைக் கழற்றி, மீட்புக் கருவி அறிந்தவரிடம் கொடுக்கவேண்டும். அக்கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தும் ஒவ்வொரு மணிநேரமும் கடிதங்களின்மேல் வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். திடநிலை வட்டாயின் நீக்கப்பட்ட பகுதியை வட்டே துடைத்துவிடுவதால் மீட்பு அரிது.

மீண்டும் இணைத்தல்

தொகுப்பு அகப்பட்டபின் அவசரம் கூடாது. முதலில் அக்கோப்புறையை முழுவதுமாக வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படியைத் தொடாமல் வைக்கவேண்டும். ஏடு பதிப்பிப்போர் மூல ஏட்டின்மேல் குறிப்பு எழுதுவதில்லை, படியின்மேல்தான் எழுதுவார்கள். அதே ஒழுக்கம் இங்கும் வேண்டும்.

அடுத்து, தண்டர்பேர்டின் இன்றைய பதிப்பை நிறுவவேண்டும். பழைய பதிப்பை நிறுவலாகாது. புதிய பதிப்பு பயன்படுத்திய தொகுப்பைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும். நிறுவியபின் செயலியை மூடிவிட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஆங்கிலத்தில் தண்டர்பேர்டு என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் பி என்னும் எழுத்தும் இட்டால், தொகுப்பு மேலாளர் என்னும் சாளரம் தோன்றும். அங்கே புதிய தொகுப்பை உருவாக்கும் பொத்தானை அழுத்தி, கோப்புறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மீட்டெடுத்த கோப்புறையின் இரண்டாவது படி ஒன்றைக் காட்டவேண்டும். பின்னர் அத்தொகுப்பைத் தேர்ந்து செயலியைத் தொடங்கினால், கணக்குகளும் கடிதங்களும் முன்னிருந்தவாறே தோன்றும். சில அஞ்சல் சேவைகள் புதிய கணினி என்று கண்டு மறுபடி கடவுச்சொல் கேட்கலாம், அது இயல்பு.

இந்த முழு ஏற்பாட்டையும் ஆள்வது 'புரொஃபைல்ஸ்' என்னும் பெயரும் 'ஐஎன்ஐ' என்னும் பின்னொட்டும் கொண்ட ஒரு சிறு உரைக் கோப்பு. எந்தத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்பதை அது செயலிக்குச் சொல்கிறது. பழைய தொகுப்பை வட்டில் வெறுமனே படியெடுத்து வைத்தால் மட்டும் போதாமைக்குக் காரணம் இதுவே. வைக்கப்பட்ட இடத்தை இக்கோப்பும் அறிந்திருக்கவேண்டும். மேலாளர்ச் சாளரம் அதனை நமக்காக எழுதிக்கொடுக்கிறது.

தொகுப்பினுள் இருப்பவை

தொகுப்பின் ஒரு பகுதி மட்டுமே அகப்படுவதும் உண்டு. அப்போது எது எதற்கு என்று அறிந்திருத்தல் பயன்தரும். 'மெயில்' என்னும் கோப்புறையில் பாப் கடிதங்களும் உள்ளகக் கோப்புறைகளும் இருக்கின்றன. 'ஐமேப்மெயில்' என்பதில் ஐமேப் படிகள் இருக்கின்றன. முகவரிகள் 'ஏபுக்' என்னும் பெயருடைய கோப்பில் உள்ளன. கடவுச்சொற்கள் 'லாகின்ஸ்' என்னும் கோப்பிலும், அவற்றைத் திறக்கும் சாவி 'கீ4' என்னும் கோப்பிலும் இருக்கின்றன. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது.

கடிதங்கள் இருக்கும் கோப்புக்குப் பின்னொட்டே இல்லை. 'இன்பாக்ஸ்' என்று மட்டும் பெயர் இருக்கும். அளவில் பெரிதாக இருக்கும். அதன் அருகில் எம்எஸ்எஃப் பின்னொட்டோடு இருக்கும் சிறிய கோப்பு அட்டவணை மட்டுமே. அது தொலைந்தால் செயலி புதிதாக ஆக்கிக்கொள்ளும். பின்னொட்டு இல்லாததைப் பயனற்றது என்று நீக்கிவிட்டு, பின்னொட்டு உள்ளதைப் போற்றி வைத்தால், நூலை எறிந்துவிட்டுப் பொருளடக்கத்தை வைத்துக்கொண்டதாகும்.

பின்னொட்டில்லாத அக்கோப்பு 'எம்பாக்ஸ்' எனப்படும் வடிவில் அமைந்த உரைக் கோப்பு. கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எளிய உரைத்திருத்தியிலேயே திறக்கலாம். திறந்தவுடன் தமிழைக் காணாமல் அஞ்சுவோர்க்கு இரண்டு செய்திகள் சொல்லவேண்டும்.

ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதம், மின்னஞ்சலில் செல்லும்போது பெரும்பாலும் 'பேஸ்64' என்னும் முறையில் மாற்றப்படுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணத்தில் அது மூன்றெழுத்து. ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆக, பதினைந்து பைட்டுகள். பேஸ்64 முறையில் அது இருபது இலத்தீன் குறிகளாகிறது. தமிழ்ச் சொல்லின் தொடக்கம் இம்முறையில் 4 என்னும் எண்ணும் கே என்னும் எழுத்துமாக அடிக்கடி தோன்றும். கோப்பில் அவ்விணை மீண்டும் மீண்டும் வருமாயின், அங்கே இருப்பது தமிழ் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அது சிதைவு அன்று, மாற்றுடை.

டிஸ்கி முதலிய பழைய குறிமுறைகளில் எழுதப்பட்ட கடிதம் வேறு வகை. அங்கே தமிழ் எழுத்துகளுக்கு உரிய எண்களை ஐரோப்பிய எழுத்துகளின் எண்களோடு பகிர்ந்துகொண்டார்கள். ஆகவே உரிய எழுத்துரு இல்லாத இடத்தில், மேலே கீறலும் புள்ளியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள் தோன்றும். இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. மாற்றத்தில் மொழியியல் சார்ந்த ஒரு நுட்பம் இருக்கிறது. டிஸ்கியில் 'கெ' என்பது கையால் எழுதும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதியப்படும். ஒருங்குறியில் ககரம் முன்னும் எகரக்குறி பின்னுமாகப் பதியப்படும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் ஒலிவரிசையோடு இது ஒத்துப்போகிறது. எழுத்துகளை எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். அது செய்யப்படாத இடத்தில் கொம்புகள் இடம்மாறி நிற்கும். அவ்வாறு நின்றால் கடிதம் கெட்டது என்று எண்ணாமல், வேறு மாற்றியைக் கொண்டு மூலத்திலிருந்து மீண்டும் மாற்றவேண்டும். மூலப் படியைத் தொடாமல் வையுங்கள் என்று சொன்னதன் தேவை இங்கே விளங்கும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

முடிவாக மூன்று செய்திகள். முதலாவது, இயங்குதளத்தைத் தொடுமுன் மின்னஞ்சல் செயலியை மூடிவிட்டுப் பயனர் தொகுப்பு முழுவதையும் படியெடுங்கள். செயலி திறந்திருக்கும்போது எடுக்கும் படி குறைபடலாம். 'டாக்குமெண்ட்ஸ்' மட்டும் போதும் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிற செயலிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவுட்லுக் 2010 முதற்கொண்டு அதன் 'பிஎஸ்டி' கோப்புகள் டாக்குமெண்ட்ஸினுள் தனிக் கோப்புறையில் அமைவது வழக்கம். விண்டோஸ் லைவ் மெயிலின் கடிதங்களோ ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில் இருந்தன.

இரண்டாவது, தொகுப்பு என்பது நம் கடிதங்கள் மட்டுமன்று. பிறர் நம்மை நம்பி எழுதியவையும் அதனுள் உள்ளன. முதன்மைக் கடவுச்சொல் இடாத தொகுப்பைக் கையில் பெற்றவர் நம் கணக்குகளையும் திறக்க இயலும். நாம் நீக்கிவிட்டதாக எண்ணும் கடிதங்களும், கோப்புறையைச் சுருக்கும் கட்டளை இடப்படும்வரை அக்கோப்பினுள் இருக்கும். இது மீட்போர்க்கு நன்மை. கவனமின்றிக் கைமாற்றுவோர்க்குத் தீமை. மாணவர் மடல்களை வைத்திருக்கும் ஆசிரியர்கள் படியை எங்கே வைக்கிறோம், யாரிடம் தருகிறோம் என்பதில் கருத்தாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவிலோ தமிழாசிரியராக, எழுத்தாளராக, இதழாசிரியராக இருந்த மூத்தோர் ஒருவர் இருக்கலாம். அவருடைய பழைய கணினி அலமாரியின் மேல் இருக்கலாம். அவர் இருக்கும்போதே, அவருடைய இசைவோடு, அவர் அருகில் அமர்ந்து, ரோமிங்கினுள் சென்று பாருங்கள். எந்த மடலைப் பேணவேண்டும், எதனை அழிக்கவேண்டும் என்று அவரே சொல்லட்டும். யார் யார் என்பதையும், எந்தச் சொல்லைப் பற்றிய வாதம் எதனால் எழுந்தது என்பதையும் அவர் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பை எந்தத் தொழில்நுட்பரும் மீட்டுத் தரலாம். கோப்பின் பொருளைச் சொல்ல அவர் ஒருவரால் மட்டுமே இயலும்.